ஒளிமுனையில் எடுத்த உயிரணு

லண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில், இறந்தோர் சரீரங்களை அறுத்து ஆராய்ந்து நோயின் அடையாளங்களைச் சேகரித்து வைக்கும் பணியில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் மருத்துவர், நிணநீர்க் கணுக்கள் காரணம் விளங்காமல் வீங்கி, மண்ணீரலும் பருத்து, நாளடைவில் மெலிந்து மரணமடைந்த சில நோயாளிகளைப் பற்றி 1832ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். வெறுங்கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தவற்றை மாத்திரமே அவர் எழுதினார். ஆயினும் அந்த வர்ணனை அத்தனை துல்லியமாக இருந்தமையால், அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1898இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்பவரும், 1902இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாரதி ரீட் என்ற அம்மையாரும், நோயுற்ற கணுக்களை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, சுற்றியுள்ளவற்றைவிடப் பன்மடங்கு பெரியதும், இரட்டை உட்கரு கொண்டதும், ஒவ்வோர் உட்கருவின் நடுவிலும் பெரும் புள்ளி ஒன்று துலங்குவதுமான விசித்திர உயிரணு ஒன்றை விளக்கமாகக் கண்டெழுதினார்கள். மருத்துவக் கல்லூரிகளில் ஆந்தைக்கண் உயிரணு என்று மாணவர்களுக்குக் காட்டப்படுவது இதுதான். கணுவில் இதைக் கண்டால் நோய் இன்னதென்று பெரும்பாலும் நிர்ணயம் செய்துவிடலாம்.

நோயை நிர்ணயிக்க உதவிய அந்த உயிரணுவின் பூர்வீகத்தை மட்டும் ஒருவராலும் நிர்ணயிக்க முடியவில்லை. ரத்தத்தின் வெள்ளணுக்களில் பல வகைகள் உண்டு. அவற்றுள் எதிலிருந்து இது பிறந்தது, அல்லது அவற்றுள் எதிலிருந்தும் பிறவாத வேறோர் இனமோ என்ற கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் தர்க்கத்துக்கு இடமாகவே இருந்தது. மரபணுவை வாசிக்கும் வித்தை கைவந்த பிறகும் அந்தத் தர்க்கம் ஓயவில்லை. காரணம் எளிது. வீங்கிய கணுவில் இந்தப் பெரிய உயிரணுக்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கின்றன. மற்றவை யாவும் நோயின் ஆரவாரத்தைக் கேட்டு வந்து குழுமிய சாதாரண வெள்ளணுக்கள். கணுவை அரைத்து, கூழாக்கி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து வாசித்தால், தெருவிலுள்ள அத்தனை வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டிச் சமைத்துவிட்டு, கல் கிடந்தது எந்த வீட்டு அரிசியில் என்று விசாரிப்பதற்கு அது ஒப்பாகும். கிடைக்கின்ற விடை ஒரு சராசரி. அந்தச் சராசரிக்கு உரிய உயிரணு கணுவில் எங்கும் இல்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரைச் சார்ந்த ரால்ஃப் கூப்பர்ஸ், கிளவுஸ் ராயெவ்ஸ்கி ஆகிய விஞ்ஞானிகளும், நோயியல் நிபுணர் மார்ட்டின் லியோ ஹான்ஸ்மானும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அரைப்பதை விடுத்துப் பொறுக்குவதைக் கைக்கொண்டார்கள். சாயமேற்றிய சீவலை நுண்நோக்கியில் பார்த்துக்கொண்டே, சூக்ஷ்மமான கண்ணாடிக் குழாயின் முனையால் அந்தப் பெரிய உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துத் தனித்தனியே சோதித்தார்கள். பி வகை வெள்ளணுக்கள் ஒவ்வொன்றும், எதிர்ப்புப் புரதத்தை ஆக்குவதற்கான தன் மரபணுத் துண்டுகளைத் தனக்கே உரிய முறையில் வெட்டி ஒட்டி அமைத்துக்கொள்கின்றது. அவ்வமைப்பு அதன் சந்ததி முழுவதற்கும் மாறாமல் செல்கின்றது. பொறுக்கி எடுத்த பெரிய உயிரணுக்களில் அத்தகைய அமைப்பு காணப்பட்டது. ஒரே நோயாளியிடமிருந்து எடுத்தவற்றில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே அவை பி வகை வெள்ளணுவின் வழித்தோன்றல்கள் என்பதும், ஒரே தாயணுவிலிருந்து பெருகியவை என்பதும் ஐயமற விளங்கின. அடுத்த சில ஆண்டுகளில், அவற்றுட் பலவற்றின் எதிர்ப்புப்புரத மரபணு ஊனமுற்றுப்போயிருப்பதும் தெரியவந்தது. முறைப்படி மடிந்திருக்க வேண்டிய உயிரணு, மடியாமல் தப்பிப் பெருகியதன் விளைவே நோய். டாரதி ரீட் பார்த்ததற்கும் இந்த விடைக்கும் இடையே 92 ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை காலமும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒரு பொருளை, கண்ட இடத்திலிருந்து அப்படியே எடுத்துச் சோதிக்கும் உபாயம் இல்லாமையே முதன்மையான தடையாக இருந்தது என்பதை நினைக்கும்போது, இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போகும் கருவியின் அருமை நன்கு புலப்படும்.

கைத்திறன் ஒன்றையே நம்பிய இந்த முறைக்கு எல்லை உண்டு. பயிற்சி பெற்றவர் மணிக்கணக்கில் மூச்சடக்கி அமர்ந்து செய்யவேண்டிய காரியம் அது. குழாயின் முனை சிறிது வழுவினாலும் அண்டையிலிருக்கும் வேண்டாத உயிரணு கூடவே வந்துவிடும். இதற்கு மாற்றாக, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டாரில் ஷிபாட்டா என்பவர் மிகவும் அழகானதோர் உபாயத்தைச் சிந்தித்தார்: வேண்டிய உயிரணுக்களின்மேல் மசிப்புள்ளி இட்டு மறைத்துவிட்டு, சீவல் முழுவதன்மீதும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், மறைவில்லாதவற்றின் டி.என்.ஏ. சிதைந்துபோகும், மசியின் அடியிலிருப்பது மட்டும் வாசிப்பதற்கு மிஞ்சும். வேண்டியதை எடுப்பதற்குப் பதிலாக வேண்டாததை ஒழிக்கும் இந்த யோசனை பரவலாக வழக்கத்துக்கு வரவில்லையாயினும், அன்றைய ஆராய்ச்சியாளர்கள் எத்தகைய நெருக்கடியில் இருந்தார்கள் என்பதைக் காட்டுவதற்கு அது போதும்.

திசுச்சீவல் என்பது எப்படிப்பட்ட பொருள் என்பதை இங்கே சற்று விளக்கிவிட்டு மேலே செல்வது நல்லது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த துண்டு அழுகாமலிருக்கப் பார்மலினில் இடப்படுகின்றது. இந்த வழக்கம் 1893இல் பிராங்க்ஃபர்ட் நகரில் பெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் பார்மலினின் இத்தன்மையைக் கண்டறிந்து கூறியதிலிருந்து வந்தது. பிறகு அது நீர் நீக்கப்பெற்று, பாரபின் மெழுகில் பதிக்கப்பட்டு, மைக்ரோடோம் என்னும் சீவுங்கருவியால் ஐந்து அல்லது எட்டு மைக்ரான் கனமுள்ள ஏடுகளாகச் சீவப்படுகின்றது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹெமட்டாக்சிலின் என்ற சாயம் உட்கருக்களுக்கு நீலத்தைக் கொடுக்க, இயோசின் என்ற சாயம் மற்றவற்றைச் சிவப்பாக்குகின்றது. இந்த நீலத்தையும் சிவப்பையும் பார்த்தே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நோயியல் நிபுணர்கள் இது புற்று, இது புற்றன்று, இது புற்றாக மாறும் தறுவாயில் உள்ளது என்று தீர்ப்புக் கூறி வருகின்றார்கள். சோதனை முடிந்த மெழுகுக் கட்டிகள் மருத்துவமனை அறைகளில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் பெருஞ்செல்வம் என்றே கருதுகின்றேன். ஏனெனில், நோயாளிக்குப் பின்னாளில் நேர்ந்தது என்ன என்பது அந்தந்தக் கட்டிக்கு உரிய ஏட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது.

ஒளியைக் கத்தியாகப் பிரயோகிக்கும் எண்ணம் லேசருக்கும் முற்பட்டது. செர்கேய் சகோத்தின் என்ற ரஷ்ய உயிரியலார் 1912இல், புற ஊதாக் கதிரைக் குவார்ட்ஸ் கண்ணாடிகளால் சில மைக்ரான் அளவுள்ள புள்ளியாகக் குவித்து, ஓர் உயிரணுவின் குறித்த பாகத்தை மட்டும் தாக்கும் முறையை வெளியிட்டார். பாவ்லோவிடம் பணியாற்றியவரான இவர், பின்னர் ஜெர்மனியில் இருந்தபோது 1932இல் நாஜிக் கட்சியை எதிர்த்த இயக்கத்தின் மூன்று அம்புச் சின்னத்தை உருவாக்குவதில் முதன்மையான பங்கு கொண்டு, அரசியல் பிரசாரம் வெகுஜன மனத்தை எவ்வாறு வசப்படுத்துகின்றது என்பதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார் என்பது, விஞ்ஞான சரித்திரத்தில் அவசியம் நினைவுகூரத்தக்க செய்தி. 1960 மே மாதத்தில் கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். இரண்டே ஆண்டுகளில், பாரிஸ் நகரில் மார்செல் பெஸ்ஸி அதே வகை லேசரை நுண்நோக்கியில் பொருத்திச் சிவப்பணுக்களின்மேல் செலுத்திவிட்டார். 1976இல் லேசரைக்கொண்டு திசுச்சீவலிலிருந்து சிறு பகுதிகளை வெட்டியெடுக்கும் முறையும் ஐரோப்பாவில் வெளியாயிற்று.

அப்படியாயின் அந்த முறை அன்றே ஏன் பெருவழக்காகவில்லை என்று வாசகர் கேட்கலாம். எடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே அன்றைய சங்கடம். மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வின் எடை, ஒரு கிராமின் லட்சம் கோடிப் பங்குகளில் ஏறத்தாழ 6.6 பங்கு; நூறு உயிரணுக்களைச் சேர்த்து எடுத்தாலும் அக்கால ரசாயனச் சோதனைகளுக்கு அது எம்மாத்திரம்? 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. பெருக்கும் முறை, வேண்டிய துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கச் செய்து, 30 சுற்றுகளில் ஒன்றை நூறு கோடிக்கு மேலாக்கிக் காட்டிய பிறகே, அணுவளவான திசுவும் பேசத் தொடங்கியது. ஒரு கருவியின் காலம் வேறொரு கருவி பிறக்கும்வரை காத்திருப்பது விஞ்ஞானத்தில் அபூர்வமன்று.

அந்தக் காலம் 1996இல் வந்தது. அமெரிக்காவின் பெதஸ்தா நகரிலுள்ள தேசிய சுகாதார நிலையங்களில், மைக்கேல் எம்மர்ட் பக், ராபர்ட் பானர், லான்ஸ் லியோட்டா முதலியோர் அடங்கிய குழு, புற்றாக மாறுவதற்கு முந்திய நிலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. புராஸ்டேட் சுரப்பியின் குழல்களில், உள்வரிசை உயிரணுக்கள் தாறுமாறாகப் பெருகியும் குழலின் எல்லையாகிய வேலியைத் தாண்டாமலிருக்கும் ஒரு ஸ்திதி உண்டு. அதுவே பிற்பாடு புற்றாகின்றதா என்பதை அறிய, அந்த இடத்து உயிரணுக்களை மட்டும் ஊசிமுனையால் சுரண்டி எடுத்துச் சோதித்து, எட்டாவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் ஒரு பகுதி அங்கேயும் புற்றிலும் ஒன்றுபோல் தொலைந்திருப்பதை 1995இல் அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். ஊசியால் பட்ட பாடே அவர்களை ஒளியை நோக்கித் திருப்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அவர்கள் செய்தது இதுதான். கண்ணாடித் தகட்டின்மேலுள்ள சீவலின்மீது, எளிதில் உருகும் தன்மையுள்ள நிறமற்ற பிளாஸ்டிக் படலம் ஒன்றைப் பரப்பினார்கள். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது அதன் பெயர். நுண்நோக்கியின் வழியே பார்த்து, வேண்டிய இடத்தை நடுவில் நிறுத்தி, அகச்சிவப்பு லேசரை ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் செலுத்தினால், ஒளிபட்ட இடத்தில் படலம் ஏறக்குறைய 90 டிகிரி வெப்பத்தில் உருகி, கீழேயுள்ள உயிரணுக்களின் இடுக்குகளில் ஊறி, உடனே ஆறி இறுகிவிடும். படலத்தைத் தூக்கினால் அந்த உயிரணுக்கள் மாத்திரம் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். மற்றவை தகட்டிலேயே கிடக்கும். வெப்பத்தை ஏற்பது படலமே ஆதலால், உயிரணுவின் டி.என்.ஏ.வுக்கோ புரதத்துக்கோ குறிப்பிடத்தக்க ஊறு நேர்வதில்லை. எடுத்த உயிரணுக்களின் உருவமும் கலையாமல், படலத்தில் அப்படியே பதிந்து நிற்கின்றது. ஆகவே எடுக்க நினைத்ததைத்தான் எடுத்தோமா என்று மறுபடி நுண்நோக்கியில் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். சீவலில் எஞ்சிய பள்ளமும் அதற்குச் சாட்சி. தொடக்கத்தில் 60 மைக்ரான் அகலமாயிருந்த ஒளிப்புள்ளி, சில ஆண்டுகளில் 7.5 மைக்ரானாகக் குறுகியது. அஃதாவது, ஒற்றை உயிரணுவையே குறிவைக்கும் அளவுக்கு அது வந்துவிட்டது.

ஜெர்மனியில் காரின் ஷூட்சேயும் அவர் கூட்டத்தாரும் வேறு வழியில் சென்றார்கள். அவர்கள் கையாண்டது 337 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா நைட்ரஜன் லேசர். ஒட்டுவதற்கு மாறாக வெட்டுவதே அதன் தொழில். சீவலை ஒரு மெல்லிய தாங்கு படலத்தின்மேல் வைத்து, வேண்டிய பகுதியின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாற்போல் அறுத்துவிட்டு, பிறகு ஒரே துடிப்பில் அத்துண்டைக் கீழிருந்து மேல்நோக்கி எறிந்து, தலைக்குமேல் காத்திருக்கும் குழலின் மூடியில் ஏந்திக்கொள்கின்றார்கள். லேசர் துடிப்பு ஒன்றே அதனை எழுப்புகின்றது. எதுவும் அதைத் தீண்டுவதில்லை. லைக்கா நிறுவனத்தின் கருவியிலோ, வெட்டிய துண்டு தன் பாரத்தால் கீழேயுள்ள குழலில் விழுகின்றது. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வுக்குப் பகையன்றோ என்ற சந்தேகம் இங்கே நியாயமானது. டி.என்.ஏ. மிகுதியாக விழுங்கும் ஒளி 260 நானோமீட்டரை ஒட்டியது. 337 அதற்கு எட்டத்தில் இருக்கின்றது. மேலும் ஒளி படுவது எல்லைக்கோட்டில் மட்டுமே. உள்ளே இருப்பது தீண்டப்படாமல் தப்புகின்றது.

சுத்தமாகப் பிரிப்பதில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்பதை விளக்க, பெதஸ்தாவிலேயே நிகழ்ந்த ஒரு காரியத்தைக் கூறுவேன். கழுத்திலுள்ள துணைத் தைராய்டு, கணையம், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி ஆகிய சுரப்பிகளில் கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கின்றது என்பது வரையில் தெரிந்திருந்தது; ஆனால் அந்தப் பிரதேசம் மிக விரிந்தது. 1971இல் ஆல்ஃபிரட் நட்ஸன் கூறிய தத்துவத்தின்படி, இத்தகைய நோய்களில் பெற்றோர் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்து சேர, மற்றொருவர் தந்த நல்ல பிரதி ஏதேனும் ஓர் உயிரணுவில் தற்செயலாகத் தொலைந்துபோனால், அங்கே கட்டி முளைக்கின்றது. ஆகவே கட்டிகளில் குரோமோசோமின் எந்தத் துண்டு தொலைந்திருக்கின்றது என்று பார்த்து, எல்லாக் கட்டிகளுக்கும் பொதுவான இழப்பு எங்கே குவிகின்றது என்று கணித்தால், மரபணுவின் இருப்பிடம் அகப்படும்.

தேடுகின்ற பொருள் இங்கே ஓர் இன்மை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளதைத் தேடும்போது கலப்படம் அதன் குரலைத் தாழ்த்துமேயன்றி அடியோடு அழிக்காது. இல்லாததைத் தேடும்போது கலப்படம் சிறிதாயினும் அது பொய்ச்சாட்சி சொல்லிவிடும். கட்டியினூடே ஓடும் ரத்தக்குழாயின் நல்ல உயிரணுக்கள் சில சேர்ந்துவிட்டால், தொலைந்த துண்டு தொலையாமல் இருப்பதுபோலவே கணக்கில் தோன்றும். எம்மர்ட் பக் முதலியோர் கட்டித் திசுவை நுண்ணிதாகப் பிரித்தெடுத்துச் சோதித்து, சந்தேகத்துக்குரிய பிரதேசத்தை வெகுவாகக் குறுக்கிக் கொடுத்தார்கள். 1997இல் செட்டரா சந்திரசேகரப்பாவை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை அம்மரபணுவை உலகுக்கு அறிவித்தது; ஆராய்ந்த 15 குடும்பங்களில் 14 குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளிடம் அதில் பிறழ்வு இருந்தது. 610 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் புரதத்துக்கு மெனின் என்று பெயரிட்டார்கள்.

இவையெல்லாம் நோயுற்ற திசுவைப் பற்றியவை. ஒளிக்கத்தி நமக்குக் காட்டியவற்றுள் நான் மிகவும் மேலாக மதிப்பது, நோயற்ற திசுவைப் பற்றிய ஞானமே. நம் பெருங்குடலின் உட்சுவர் வழுவழுப்பான பரப்பன்று. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி நுண்குழிகள் அதில் நெருங்கி அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில மூலவுயிரணுக்கள் இருந்து, ஓயாமல் பிரிந்து, மேலே தேய்ந்து உதிர்பவற்றை ஈடு செய்கின்றன. அந்த மூலவுயிரணுக்களுள் ஒன்றின் சந்ததியே காலப்போக்கில் குழி முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்வதனால், ஒரு குழியை முழுமையாக வெட்டியெடுத்து வாசித்தால், அந்த ஒற்றைத் தாயணு பிறப்பு முதல் அதுவரை சேர்த்துக்கொண்ட பிறழ்வுகள் அனைத்தையும் வாசித்ததாகும். இயற்கையே ஓர் உயிரணுவை ஏறத்தாழ இரண்டாயிரமாகப் பெருக்கி, எல்லை கட்டி, வெட்டுவதற்கு இசைவாக வைத்திருக்கின்றது. கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹின்ஸ்டனிலுள்ள வெல்கம் சாங்கர் நிலையத்தார், 42 பேரின் குடலிலிருந்து 2,035 குழிகளை லேசரால் தனித்தனியே எடுத்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நடுவயதினரின் ஆரோக்கியமான குடலில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், புற்றைத் தூண்டவல்ல பிறழ்வு கொண்ட குழிகள் இருந்தன. எனினும் அவை யாவும் நுண்நோக்கியில் பார்வைக்கு நன்றாகவே தோன்றின. ஒன்றரைக் கோடியில் நூற்றில் ஒன்று என்பது ஒன்றரை லட்சம். அத்தனை இடங்களில் முதற்படி ஏறிவிட்ட பிறகும், மனிதர்களுள் பெரும்பாலோருக்குக் குடற்புற்று வருவதே இல்லை என்பது எவ்வளவு ஆழ்ந்த சிந்தனைக்குரிய விஷயம்!

அதே நிலையத்தில் அலெக்ஸ் கேகன் முதலியோர் இந்த வினாவை மனிதரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சுண்டெலி, முயல், பூனை, நாய், குதிரை, பசு, சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி, கடற்பன்றி என்று மனிதர் உட்பட 16 வகைப் பாலூட்டிகளின் 56 சரீரங்களிலிருந்து 208 குடற்குழிகளை அதே ஒளியால் வெட்டியெடுத்து, ஆண்டொன்றுக்கு எத்தனை பிறழ்வுகள் சேர்கின்றன என்று கணக்கிட்டார்கள். 2022இல் வெளியான அந்தக் கணக்கில், சுண்டெலிக்கு ஆண்டுக்கு 796, மனிதனுக்கு 47. ஆனால் சுண்டெலியின் ஆயுள் மூன்று நான்கு ஆண்டுகளே, மனிதனுக்கோ எண்பது. பெருக்கிப் பார்த்தால், இரண்டும் வாழ்நாள் முடிவில் மூவாயிரத்துச் சொச்சம் என்ற ஒரே வட்டாரத்துக்கு வந்து சேர்கின்றன. ஆயுளில் முப்பது மடங்கும், உடற்பருமனில் பல்லாயிரம் மடங்கும் வேறுபட்ட இந்தப் பிராணிகளிடையே, ஆயுள் இறுதியிலுள்ள பிறழ்வுச் சுமை ஏறத்தாழ மூன்று மடங்குக்குள்ளேயே வேறுபடுகின்றது. ஆப்பிரிக்க மண்ணுள் வளைதோண்டி வாழும் ரோமமற்ற எலிக்கு ஆண்டுக்கு 93 என்றும், ஒட்டகச்சிவிங்கிக்கு 99 என்றும் வந்தன. உருவத்தால் இத்தனை தூரம் விலகிய இவ்விரண்டின் ஆயுளும் கிட்டத்தட்ட இருபத்தைந்து ஆண்டுகளே. முதுமை என்பது பிறழ்வுகளின் திரட்சிதான் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. எனினும், உருவத்தைக் காட்டிலும் ஆயுளோடுதான் பிறழ்வின் வேகம் இணைந்து செல்கின்றது என்பதை இனி எவரும் எளிதில் மறுக்க முடியாது. குடலைக் கூழாக்கிச் சோதித்திருந்தால், கோடிக்கணக்கான குழிகளின் வெவ்வேறு பிறழ்வுகள் ஒன்றோடொன்று கலந்து அமிழ்ந்து, இந்த எண்களுள் ஒன்றுகூட வெளிப்பட்டிராது.

கருவியின் குறைகளையும் கூறிவிட வேண்டும். வெட்டுவதற்கு வைக்கும் சீவலின்மேல் மூடுகண்ணாடி வைக்க இயலாது. அதனால் காட்சி மங்கலாகவும் கரடாகவும் தெரிகின்றது. அனுபவமிக்க நிபுணருக்கே இது தடுமாற்றம் தரும். ஆர்.என்.ஏ.வை ஆராய விரும்பினால் காலத்தோடு ஓட்டப்பந்தயமே ஓட வேண்டும். ஈரம் சிறிது தங்கினாலும், அதை அழிக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பார்மலினில் ஊறிய பழைய கட்டிகளில் டி.என்.ஏ. துணுக்குத் துணுக்காக உடைந்திருக்கும். எடுத்த உயிரணுக்கள் மிகக் குறைவாயிருந்தால், பெருக்கும்போது இரு பிரதிகளில் ஒன்று தற்செயலாக விடுபட்டு, இல்லாத இழப்பு ஒன்று இருப்பதாகத் தோன்றிவிடும். இவையனைத்துக்கும் மேலாக, எதை வெட்டுவது என்று சொல்வதற்கு, சீவலைப் படிக்கத் தெரிந்த ஒரு கண் வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. திசுவை நொதிகளால் கரைத்து, உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து, ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் வாசிக்கும் முறைகள் இப்போது பெருகியிருக்கின்றன. அவற்றின் வேகம் வியக்கத்தக்கது. ஆயினும் கரைத்த கணத்திலேயே, ஒவ்வோர் உயிரணுவும் எங்கே இருந்தது, எதன் பக்கத்தில் இருந்தது, வேலிக்கு உள்ளா வெளியா என்ற செய்தி தொலைந்துபோகின்றது. அந்தச் செய்தி இல்லாமல் புற்றுக்கு முந்திய நிலையையும் புற்றையும் வேறுபடுத்திக் கூறுதல் பெரும்பாலும் இயலாத காரியம். லேசர் வெட்டோ, வாசிப்பதற்கு முன்னால் பார்ப்பதை நிர்ப்பந்தமாக்குகின்றது. நோயியல் நிபுணரின் நூற்றாண்டு கால அறிவை மரபணு விஞ்ஞானத்தின் வாயிலில் நிறுத்தி, அவர் காட்டிய உயிரணுவையே உள்ளே அனுப்புகின்றது.

அப்படிக் காட்டி எடுப்பதன் பயன் நோயாளியின் படுக்கை வரையில் சென்றதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சிலருக்கு, வழக்கமான மருந்து ஏதேனும் ஒன்றை உட்கொண்ட சில நாட்களில், மேனியெங்கும் தோல் பாளம் பாளமாகக் கழன்றுவிடுகின்றது. அரிதான இந்நோய்க்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறக்கின்றனர். மியூனிக் நகருக்கு அருகே மார்ட்டின்ஸ்ரீட்டிலுள்ள மேக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிலையத்தார், மெழுகில் காத்துவைத்த இத்தகைய தோல் துண்டுகளிலிருந்து, தோலின் உயிரணுக்களை ஒரு தொகுதியாகவும், அங்கே புகுந்த வெள்ளணுக்களை வேறொரு தொகுதியாகவும் லேசரால் வெட்டியெடுத்தார்கள். அவர்கள் வாசித்தது மரபணுக்களை அன்று, அவை ஆக்கிய ஆயிரக்கணக்கான புரதங்களை. இரு தொகுதிகளிலும், ஜாக் என்னும் நொதிகளின் வழியே செல்லும் அழற்சித் தூண்டுதல் அளவுமீறி எழுந்திருந்தது தெரிந்தது. அந்நொதிகளைத் தடுக்கும் மருந்துகளோ மூட்டுவாதம் முதலிய நோய்களுக்காக ஏற்கெனவே வழக்கில் இருந்தவை. முதலில் சுண்டெலிகளில் சோதித்துப் பயன் கண்டபின், சீனாவில் இந்நோயால் அவதியுற்ற ஏழு பேருக்கு அவ்வகை மருந்து கொடுக்கப்பட்டது. 2024இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, ஏழு பேரும் பிழைத்தெழுந்தார்கள்.